எல்லாருக்கும் இருபது

இருபது. எட்டுக் கட்டிலுக்கும் இருபது. பெண்கள் மருத்துவ வார்டில் பதினான்காம் கட்டிலிலிருந்து இருபத்தொன்று வரைக்கும் படுத்திருக்கும் எட்டுப் பேரும் நேற்றுக் காலை நிமிஷத்துக்குச் சரியாக இருபது தடவை மூச்சு விட்டார்கள் என்று அவரவர் கால்மாட்டில் தொங்கும் சார்ட் சொல்கிறது. சொல்ல வைத்தவள் செண்பகவல்லி. நர்சிங் இரண்டாம் வருஷம், தனியார் கல்லூரி, இந்தப் பெரியாஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு வந்து இன்றோடு மூன்று நாள். முதல் நாள் முழுக்கப் படுக்கை விரிக்க விட்டார்கள், அதனால் அன்றைக்கு அவள் பொய் எழுதவில்லை. நேற்று எழுதினாள். இப்போது பதினான்காம் கட்டில் வெள்ளைத்தாயின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நாடி பார்த்தாகிவிட்டது, ஆனாலும் கையை விடக்கூடாது. நாடி பார்க்கிற பாவனையிலேயே நின்றுகொண்டு, கண்ணை மட்டும் நெஞ்சுக்குக் கொண்டுபோய் மூச்சை எண்ண வேண்டும். எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் நோயாளி தன்னை அறியாமல் மூச்சை மாற்றிவிடுவார் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. ஒரு முழு நிமிஷம். ஒன்று. நல்ல யோசனைதான், நோயாளியைப் பற்றி இவ்வளவு யோசித்தவர்கள் எண்ணுகிறவளைப் பற்றி ஒரு வரி போட்டிருக்கக்கூடாதா. இரண்டு, மூன்று. அடுத்தவர் மூச்சைப் பார்த்துக்கொண்டே நின்றால் தன் மூச்சு என்ன ஆகும் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை, அவள் தேடிப் பார்த்தாள், பின்னால் இருக்கும் அட்டவணைவரை தேடிப் பார்த்தாள். நான்கு. அதுவரை தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த மூச்சு திடீரென்று நின்று, இனி நீதான் இழுக்க வேண்டும், நீதான் விட வேண்டும் என்று பொறுப்பை அவள் தலையில் கட்டிவிடும். ஆறு, இல்லை, ஏழு. இழுத்தால் போதவில்லை. விட்டால் திரும்பி வருமா என்று சந்தேகம். காதுக்குள் ஒரு இரைச்சல், விரல் நுனியில் மரமரப்பு, அப்புறம் கை நடுங்கும். கை நடுங்கினால் கண்ணில் படும். முதலாம் வருஷம் லேபில் தோழியின் மூச்சை எண்ணப்போய் இப்படித்தான் கண் இருட்டி ஸ்டூலில் உட்கார்ந்தாள், ஹெப்சிபா மேடம் பக்கத்தில் வந்து நின்று, நீ நர்ஸா, பேஷண்ட்டா என்று கேட்டார், நாற்பது பேர் சிரித்தார்கள். அதில் சிரிக்க என்ன இருந்தது. ஒருத்திக்கு மூச்சு முட்டுகிறது, நாற்பது வருங்கால நர்சுகள் சிரிக்கிறார்கள், சொல்லிக்கொடுக்க வந்தவர் அதை ரசிக்கிறார், அதற்குப் பெயர் பயிற்சி. பதினொன்று, பன்னிரண்டு.

"செண்பகம், அங்க என்ன தவமா இருக்க? எட்டரைக்கு ரவுண்ட்ஸ் வந்துரும்." எதிர்வரிசையிலிருந்து மெர்லின் அக்கா. கடைசி வருஷ மாணவி, இந்த வார்டுக்கு வரும் இரண்டாம் வருஷத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் பொறுப்பு. பன்னிரண்டா, பதின்மூன்றா. போச்சு, எண்ணிக்கை கைநழுவிப் போச்சு, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மெர்லின் அக்காமேல் கோபப்படவும் முடியவில்லை, அதுதான் எரிச்சல். நேற்று இதே இடத்தில் செண்பகவல்லி கையில் தெர்மாமீட்டரோடு திணறி நின்றபோது பக்கத்தில் வந்து தோளைத் தொட்டது மெர்லின் அக்கா ஒருத்திதான். மேடம் அப்போதுதான் கடிகாரத்தைத் தட்டிக் காட்டிவிட்டுப் போயிருந்தார், எட்டு பெட்டுக்கு ஒரு மணி நேரமா, இது ஆஸ்பத்திரியா உங்க வீட்டு அடுப்பங்கரையா என்று. மெர்லின் அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னாள், "லூசு, ரெஸ்பிரேஷன எவ எண்ணுனா? இருபதுன்னு போட்டுட்டுப் போ. பத்து போட்டா ஏன்னு கேப்பாங்க, இருபத்தாறு போட்டா ஏன்னு கேப்பாங்க. இருபது போட்டா ஒரு ஈ காக்கா கேக்காது." அதைக் கேட்டதும் செண்பகவல்லிக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, அதை இப்போது நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது. ஒரு வருஷமாக எதைக் கண்டு நடுங்கினாளோ அதைச் செய்யவே வேண்டாமாம். எல்லாரும் செய்யாமல்தான் இருக்கிறார்களாம். முன்பக்கத்தைப் புரட்டினாள், முந்தாநாள் யாரோ எழுதியது இருபது, அதற்கு முந்தின நாள் இருபது, இரவு டியூட்டியில் இருபது. காய்ச்சல் ஏறுகிறது, இறங்குகிறது, நாடி கூடுகிறது, குறைகிறது, மூச்சு மட்டும் இந்த வார்டில் வெயிலுக்கும் மழைக்கும் இருபது. எட்டு சார்ட்டிலும் எழுதினாள். கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை, எழுத்து அச்சடித்ததுபோல் வந்தது, தனக்குக் குணமாகிவிட்டது என்றுகூட நினைத்தாள். ஹெப்சிபா மேடம் வந்து ஒவ்வொன்றாகத் தூக்கிக் கீழே கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "பரவால்லயே, இன்னிக்கு சீக்கிரம் முடிச்சிட்ட. இப்பிடித்தான் இருக்கணும்" என்றார். இரண்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அவளுக்கு வந்த முதல் நல்ல வார்த்தை. விழுந்து விழுந்து படித்ததற்கு வரவில்லை, காய்ச்சலோடு பரீட்சை எழுதியதற்கு வரவில்லை, எண்ணாத மூச்சை எண்ணியதாக எழுதியதற்கு வந்தது. மத்தியானம் மெஸ்ஸில் அந்த வார்த்தையை நினைத்துக்கொண்டே ஒரு கரண்டி சோறு கூடுதலாகச் சாப்பிட்டாள், அதையும் சொல்லியாக வேண்டும்.

அப்படியே இன்றும் எழுதிவிட்டுப் போயிருப்பாள். வார்டுக்குள் நுழையும்போதே இருபது இருபது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டுதான் வந்தாள், மந்திரம்போல, அது இருக்கிறவரை பயமில்லை. ஆனால் வெள்ளைத்தாய் படுத்திருக்கவில்லை. கட்டிலில் குனிந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டிருந்தாள். ஜங்ஷன் பக்கம் இட்லிக்கடை வைத்திருக்கிறவள், நாற்பத்தைந்து வயசு இருக்கும், சளிக்காய்ச்சல் என்று வந்து நாலு நாளாகிறது. காய்ச்சல் மாத்திரையில் இறங்கிவிட்டது, தொண்ணூற்றொன்பதுதான், அதனால் யாருக்கும் கவலையில்லை. செண்பகவல்லி கண்ணில் பட்டது காறையெலும்புக்கு மேலே இருக்கும் குழி. ஒவ்வொரு மூச்சுக்கும் அது உள்ளே போய் வந்தது. கழுத்து நரம்பு கயிறுபோல் எழுந்தது. அதைப் பார்த்த பிறகு இருபது என்று எழுதக் கை வரவில்லை, எண்ணவும் தைரியம் வரவில்லை, அவள் பாட்டுக்கு மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

ஒன்று, இரண்டு. "ஏ தாயி." வெள்ளைத்தாய்தான். "ஒனக்கு ஏன்... கை இப்பிடி... நடுங்குது?" பேசினால் எண்ணக்கூடாது, பேச்சு மூச்சைக் கலைத்துவிடும், மறுபடியும் முதலிலிருந்து. "ஒன்னுமில்லம்மா. நீங்க பேசாம இருங்க, நாடி பாக்கேன்." "புதுசா? பயப்படாத... நான் ஒன்னும்... கடிச்சிர மாட்டேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவே கொஞ்ச நேரமாயிற்று. மூன்று வார்த்தைக்கு ஒரு மூச்சு. இட்லிக்கடையில் எட்டுப் பேர் கேட்டதை ஒரே மூச்சில் திருப்பிச் சொல்லியிருக்கக் கூடிய வாய், இப்போது ஒரு வரியை மூன்றாகப் பிய்த்துப் பிய்த்துப் பேசுகிறது. நேற்றும் இப்படித்தான் பேசினாளா. நேற்று அவள் பேசினாளா என்பதே ஞாபகமில்லை. நேற்று செண்பகவல்லி சார்ட்டைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், மேடம் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று பார்த்தாள், இந்த அம்மாளைப் பார்க்கவேயில்லை. அப்படிப்பட்டவளுக்கு இந்த அம்மாள் தைரியம் சொல்கிறாள்.

மூச்சு முட்ட ஆரம்பித்தது, செண்பகவல்லிக்கு. கல்லூரியில் இதற்கும் ஒரு வகுப்பு நடத்தினார்கள், மன அழுத்தத்தைச் சமாளிப்பது எப்படி என்று, திரையில் தாமரைப் படம் போட்டு. பதற்றம் வந்தால் கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருளைப் பெயர் சொல்லிப் பாருங்கள், மனம் அடங்கிவிடும் என்றார் வந்த அம்மையார். சரி, சொல்கிறேன். ஒன்று, துருப்பிடித்த குளுக்கோஸ் ஸ்டாண்ட், பேண்டேஜ் துணியால் கட்டிலோடு கட்டிவைத்திருக்கிறது, விட்டால் விழுந்துவிடும். இரண்டு, பதினாறாம் கட்டிலுக்கு அடியில் பூனை. மூன்று, சுவரில் நம் சேவை நம் புன்னகை என்று ஒரு போர்டு, அதன் கீழே யாரும் புன்னகைத்து அவள் பார்த்ததில்லை. நான்கு, இன்சார்ஜ் சிஸ்டரின் மேஜை டிராயர், பூட்டியிருக்கிறது. விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று பார்க்கும் மெஷின் வார்டு முழுவதுக்கும் ஒன்றுதான், அது தொலைந்துவிடும் என்று பெரிய டாக்டர் வரும்போது மட்டும் வெளியே எடுப்பார்கள். ஐந்து, சார்ட்டில் வரிசையாக இருபது. எங்கே அடங்குகிறது மனம். ஒவ்வொன்றுக்கும் ஒரு படி ஏறுகிறது. ஆனால் ஒன்றைக் கவனித்தாள், பற்றிக்கொண்டு வரும் இந்த ஆத்திரத்தில் கை நடுங்குவது நின்றிருந்தது. பயப்படாதே என்று அத்தனை பேர் சொல்லியும் போகாத நடுக்கம். நீண்ட மூச்சை இழுத்துவிடச் சொல்கிறவர்கள் யாரும் கோபப்படச் சொல்லித் தந்ததில்லை. நர்ஸுக்குக் கோபம் ஆகாதாம், பொறுமைதான் நகையாம். பொறுமையாக எழுதிய இருபதுகள்தானே இவை.

கடிகாரத்தில் முள் பன்னிரண்டுக்கு வரட்டும். வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. மெர்லின் அக்கா கூப்பிட்டாலும் திரும்பக்கூடாது. ஐந்து, ஆறு. எவ்வளவு வேகமாக வருகிறது, எண்ணுகிறதற்குள் அடுத்தது, ஒன்பது, பத்து, தன் மூச்சும் அதன் பின்னாலேயே ஓடப் பார்க்கிறது, ஓடட்டும், விழுந்தால் விழட்டும், விழுவதற்கு முன்னால் எண்ணி முடித்துவிடு. பதின்மூன்று. இருபது என்று முதல்முதலாக எழுதியவள் யார், அவளை யாராவது பாராட்டினார்களா, பதினைந்து, பதினாறு, அவளுக்கும் கை நடுங்கியதா. பதினெட்டு, பத்தொன்பது. முள் ஆறில் நிற்கிறது. அரை நிமிஷம். இதை இரண்டால் பெருக்கினால் போதும், எல்லாரும் பெருக்குவார்கள், வேண்டாம், யாரும் பெருக்க வேண்டாம், ஒருத்தியாவது இந்த அம்மாளுக்கு ஒரு நிமிஷம் முழுசாக நின்றாள் என்று இருக்கட்டும். இருபது. இதோ வந்தது இருபது, நிமிஷம் பாதிதான் ஓடியிருக்கிறது அதற்குள். இருபத்தொன்று, இருபத்திரண்டு. காறையெலும்புக் குழி, உள்ளே, வெளியே. இருபத்தாறு. இதை எழுதினால் நேற்றைய பொய் தெரிந்துவிடும், அப்பாவைக் கூப்பிடுவார்கள். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர், காக்கிச் சட்டையோடு அப்படியே பிரின்சிபால் அறை வாசலில் வந்து நிற்பார், செருப்பை வெளியே விடுவார், யாரும் விடச்சொல்லாமலே. முப்பது. போன தடவை ஃபைன் என்று கூப்பிட்டபோதும் அப்படித்தான் நின்றார். முப்பத்துமூன்று, முப்பத்துநான்கு. கண்ணோரம் இருட்டுகிறது, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள், பிடித்துக்கொண்டாள். முப்பத்தாறு. முப்பத்தேழு. முள் வந்துவிட்டது. முப்பத்தெட்டு.

கையை விட்டாள். அந்த அம்மாளின் கை தானாக முழங்காலுக்குப் போயிற்று. முப்பத்தெட்டு என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும், பரீட்சையில் நாலு மார்க் கேள்வி. இப்போது தெரிய வேண்டியது வேறு. நேற்று எவ்வளவு இருந்தது. இருபத்தாறா, முப்பதா. ஒரே ராத்திரியில் முப்பத்தெட்டுக்கு எகிறியதா, அல்லது கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே வந்து, ஒவ்வொரு நாளும் ஒருத்தி அதைப் பார்க்காமல் இருபது என்று எழுதி மூடினாளா. நேற்று அவள் எண்ணியிருந்தால் ஒரு டாக்டர் ஒரு நாள் முன்னால் பார்த்திருப்பார். இந்தக் கேள்விக்கு இனி பதில் கிடையாது, நேற்றைய மூச்சை இன்றைக்கு யாரும் எண்ண முடியாது. இப்படி ஒன்றை ஒருத்தியின் தலையில் வைத்துவிட்டு, பதற்றப்படாதே என்கிறார்கள்.

பேனாவைத் திறக்கும்போது மெர்லின் அக்கா பக்கத்தில் வந்துவிட்டாள். எட்டிப் பார்த்தாள். "முப்பத்தெட்டா? ஒழுங்காத்தான் எண்ணுனியா?"

"ரெண்டு தடவை கலைஞ்சிருச்சு. மூணாவது முழுசா எண்ணுனேன்க்கா."

மெர்லின் அக்கா வெள்ளைத்தாயைப் பார்த்தாள். பார்த்தது முகத்தில் தெரிந்தது. குரல் இன்னும் தாழ்ந்தது. "சரி, மூச்சு கொஞ்சம் வாங்குது. டாக்டர் இப்ப வந்துருவாரு, வந்து அவரே பாக்கட்டும். நீ இருபத்திநாலு போடு. நேத்து நீதான இருபது போட்டிருக்க? இன்னிக்கி முப்பத்தெட்டு போட்டா மொதல்ல யாரப் பிடிப்பாங்க? ஒன்னத்தான்."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சிக்கிட்டு? ஒனக்காகத்தான்டி சொல்லுதேன்."

உண்மைதான், அவளுக்காகத்தான் சொல்கிறாள். கெட்டவள் சொன்னால் தள்ளிவிடலாம், நல்லவள் சொல்கிறாள், ஒவ்வொரு வருஷமும் ஒரு நல்லவள் இன்னொருத்திக்கு ரகசியமாகச் சொல்லித்தான் இந்த வார்டு ஓடுகிறது. எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் காப்பாற்றிக்கொள்கிறார்கள், கட்டிலில் இருப்பவளைத் தவிர. செண்பகவல்லி முப்பத்தெட்டு என்று எழுதினாள். எழுத்து கோணலாக வந்தது, மூன்று எட்டுமேல் சாய்ந்துகொண்டு நின்றது. சார்ட்டைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மேஜையைப் பார்த்து நடந்தாள். மேஜைக்கு எவ்வளவு தூரம் இருக்கும், பன்னிரண்டு கட்டில். பாதி வழியில் திரும்பிவிடலாமா என்று ஒரு தடவை தோன்றியது. தோன்றட்டும் என்று நடந்தாள்.

ஹெப்சிபா மேடம் வருகைப் பதிவேட்டில் குனிந்திருந்தார். "மேடம், பதினாலாம் பெட் அம்மாவுக்கு மூச்சு முப்பத்தெட்டு இருக்கு. உக்காந்துகிட்டேதான் இருக்காங்க. மூணு வார்த்தைக்கு மேல பேச முடியல."

மேடம் சார்ட்டை வாங்கி விரலை வரிசையில் ஓட்டினார். "நேத்து வரைக்கும் இருபதுதான இருக்கு? ஒரே நாள்ல முப்பத்தெட்டா? எண்ணத் தெரியுமா ஒனக்கு?"

"இன்னிக்கி எண்ணுனேன் மேடம். நேத்து எண்ணவேயில்ல. சும்மா இருபதுன்னு எழுதுனேன்."

இன்சார்ஜ் சிஸ்டர் நிமிர்ந்தார். மருந்து தள்ளுவண்டியின் சத்தம் நின்றது. மேடத்தின் முகம் சிவந்தது, வாய் திறந்தது, ஆனால் திட்டுவதற்கு முன்னால் எழுந்து நடந்தார், அதை மட்டும் செண்பகவல்லி அவருக்கு மறக்கமாட்டாள். பதினான்காம் கட்டிலுக்குப் போய் அந்த அம்மாளின் கையைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து நின்றார். அரை நிமிஷத்தில் தலையைத் திருப்பி, "சிஸ்டர், அந்த மெஷினக் குடுங்க" என்றார். டிராயர் திறந்தது. எண்பத்திநாலு காட்டியது. தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டியது. அப்புறம் எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தது, சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தார்கள், டியூட்டி டாக்டர் ஓடிவந்தார், மாஸ்க்கை மாட்டினார்கள், வெந்நீர் வாங்கப் போயிருந்த வெள்ளைத்தாயின் மகள் பிளாஸ்க்கோடு வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். டாக்டர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, ஐசியூவுக்கு மாத்துங்க என்றார். எப்பலேர்ந்து இப்பிடி இருக்கு என்றும் கேட்டார். செண்பகவல்லி சொல்ல வாயெடுத்தாள், அவர் அதற்குள் கட்டிலோடு நடந்துவிட்டார். மாஸ்க்குக்குள் அந்த அம்மாளின் மூச்சுப் பட்டுப் பட்டு வெள்ளையாகப் படர்ந்து மறைந்தது. பிழைத்துவிடுவாளா என்று கேட்க ஒருவரும் இல்லை.

கட்டில் போன இடம் வெறுமையாக இருந்தது. மேடம் சார்ட்டைக் கையிலேயே வைத்திருந்தார். "ஒனக்கு என்ன தைரியம் இருந்தா ஒரு பேஷண்ட் சார்ட்ல பொய்யா எழுதுவ? யாரு சொல்லிக்குடுத்தா?"

மெர்லின் அக்கா இரண்டு கட்டில் தள்ளி நின்றாள். ஒரு போர்வையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

யாரு சொல்லிக்குடுத்தா. அந்தக் கேள்விதான் செண்பகவல்லியின் கடைசிப் பயத்தையும் எரித்தது. ஒருத்தி பெயரைச் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும், ஒரு களையைப் பிடுங்கிவிட்டோம் என்று எல்லாரும் கை கழுவிக்கொள்வார்கள், நாளைக்கு வேறொருத்தி இருபது எழுதுவாள். "யாரும் தனியா சொல்லிக்குடுக்கல மேடம். சார்ட்ல மேல இருந்து பாருங்க, எல்லாமே இருபதுதான். கீழ கையெழுத்து உங்களுது."

அவ்வளவு மெதுவாகச் சொன்னாள், திமிர் என்று எடுத்துக்கொள்ளக்கூட அதில் இடமில்லை. மேடம் சார்ட்டைப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பிறகு அவளைப் பார்க்காமல், "விளக்கக் கடிதம் எழுதிக் கொண்டா. இப்பவே. நான் பிரின்சிபாலுக்கு அனுப்பணும்" என்றார்.

"எழுதித் தாரேன் மேடம். நான் பாக்காம எழுதுனது இன்னும் ஏழு பேர் இருக்காங்க. அவங்கள எண்ணிட்டு வந்துருதேன்."

செண்பகவல்லி பதிலுக்குக் காத்து நிற்கவில்லை, பதினைந்தாம் கட்டிலுக்குப் போனாள். நெஞ்சு படபடத்துக்கொண்டுதான் இருந்தது, கையும் திரும்ப நடுங்க ஆரம்பித்துவிட்டது, அந்த நடுக்கத்தோடேயே அங்கே படுத்திருந்த பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் அரைத்தூக்கத்தில் கண்ணைத் திறந்தாள்.

"நேத்துத்தான் பாத்துட்டுப் போனியே பாப்பா, திரும்ப எதுக்கு?"

"நேத்து பாக்கலக்கா," என்றாள் செண்பகவல்லி. "இப்பத்தான் பாக்கேன்."